அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில், கான்ஃபரன்ஸ் டோர்னமெண்டில் (ஒரு லீக்கின் அணிகள், லீக் ஆட்டங்கள் முடிந்ததும் ஆடும் நாக்-அவுட் போட்டி) லீக் முதலிடத்துக்கு என்ன சலுகை? பத்தாம் இடத்து அணியால் கோப்பை வாங்க முடியுமா?

முடியும். 2024 மார்ச்சில் ஏ.சி.சி. (அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்) கோப்பையை என்.சி. ஸ்டேட் (நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அப்படித்தான் வாங்கியது. ஆனால் ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஜெயிக்க வேண்டியிருந்தது. லீக்கில் மேலே முடித்தவர்களுக்குக் கிடைக்கும் சலுகையே இந்த ஆட்டக் கணக்குதான்.

அந்த ஆண்டு ஏ.சி.சி.யில் 15 அணிகள். 10 முதல் 15 வரை வந்த ஆறு அணிகளும் செவ்வாயன்றே ஆட வேண்டும். 5 முதல் 9 வரை வந்தவர்களுக்கு ஒரு ‘பை’ (ஆடாமலே அடுத்த சுற்று), புதன்கிழமை முதல் ஆட்டம். முதல் நான்கு அணிகளுக்கு இரண்டு பை, நேரே வியாழன் காலிறுதி. சனிக்கிழமை இறுதி. இடையில் ஓய்வு நாளே கிடையாது. மேலே உள்ளவர்களுக்கு மூன்று வெற்றி போதும், அடியில் உள்ளவர்களுக்கு ஐந்து.

என்.சி. ஸ்டேட் வென்ற வரிசை (அடைப்பில் லீக் இடம்): லூயிவில் (15), சிரக்யூஸ் (7), டியூக் (2), வர்ஜீனியா (3), இறுதியில் நார்த் கரோலினா (1), 84-76. எந்த அதிர்ச்சித் தோல்வியும் நடுவில் புகுந்து வழியை இலகுவாக்கவில்லை. அட்டவணைப்படி பத்தாம் இடத்துக்கு வரக்கூடிய மிகக் கடினமான பாதை இது.

நான்காம் நாளில் முதலில் ஏமாற்றுவது கால்கள். எம்பும் உயரம் குறையும், தூர ஷாட் வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பும். தடுப்பில் காலை நகர்த்தாமல் கையை நீட்டுவார்கள், ஃபவுல் ஏறும். ஐந்தாவது ஃபவுலில் வெளியே. எட்டு, ஒன்பது பேரை நம்பி இறக்க முடியாத பயிற்சியாளர் இந்த வாரத்தைத் தாண்டுவது அபூர்வம்.

வர்ஜீனியா அரையிறுதியைப் பாருங்கள். சுமார் 5 விநாடி மீதி, வர்ஜீனியா 58-55 முன்னிலை, அவர்களுக்கே ‘ஒன் அண்ட் ஒன்’. எதிரணி ஒரு பாதியில் ஏழாவது ஃபவுலை எட்டியதும் இது கிடைக்கும்: முதல் ஃப்ரீ த்ரோ விழுந்தால்தான் இரண்டாவது. அந்த முதலாவது தவறியது. பந்தை வாங்கி ஓடிய மைக்கேல் ஓ'கானல் எறிந்த மூன்று புள்ளி ஷாட், பலகையில் பட்டு மணி ஒலிக்கையில் உள்ளே விழுந்தது. ஓவர்டைமில் 73-65. முழு வாரமும் அந்த ஒரு ஃப்ரீ த்ரோவில்தான் திரும்பியது என்பேன்.

தோற்ற நார்த் கரோலினாவுக்குப் பெரிய நஷ்டமில்லை, தேர்வுக் குழு அவர்களை எப்படியும் தேசியப் போட்டிக்கு எடுத்திருக்கும். 17 வெற்றி, 14 தோல்வியோடு வந்த என்.சி. ஸ்டேட்டுக்கோ கோப்பையோடு வரும் நேரடி இடம்தான் ஒரே கதவு. அதில் நுழைந்து ஃபைனல் ஃபோர் (தேசியப் போட்டியின் அரையிறுதி) வரை போனார்கள்.

சிறிய கான்ஃபரன்ஸ்களில்தான் இந்த முறை உண்மையிலேயே கொடுமை. அங்கே பெரும்பாலும் ஒரே ஒரு இடம். இரண்டு மாதம் லீக்கை ஆண்ட அணி ஒரே இரவில் தோற்றால் தேசியப் போட்டி போச்சு. ஆகவே சிலர் அட்டவணையையே வளைக்கிறார்கள்: டபிள்யூ.சி.சி.யில் (வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்) 2024இல் முதல் இரண்டு அணிகளும் நேரே அரையிறுதி. ஐவி லீக்கில் நான்கே அணிகளுக்குத்தான் அனுமதி. ஏ.சி.சி.யும் 18 அணிகளாக வளர்ந்த பிறகு, 2025இல் முதல் 15 பேரை மட்டுமே உள்ளே விட்டது.