தோட்டப் பாதையில் மவுண்டன் பைக்: கேட்டீர்கள், சொல்கிறேன்

பண்டாரவளைதான் எனக்கு ஊர். 14 வருடமாக அப்புத்தளை, கொஸ்லந்தை, பதுளைப் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் மவுண்டன் பைக் ஓட்டுகிறேன். வீட்டு வாசலில் சின்னதாக ரிப்பேர் வேலையும் நடக்கிறது. மலைப்பாதையில் ஓட்டுவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஹட்டனிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, நியூசிலாந்தில் எரிமலை மண்ணில் ஓட்டும் வீடியோக்களைப் பார்த்தேன். மழை விட்ட கையோடு பறக்கிறார்கள். நம் மலையும் பழைய எரிமலைதானே? நம் பாதையில் மட்டும் ஏன் டயர் முழுக்கச் சேறு அப்பிக்கொள்கிறது?

இல்லை தம்பி, நம் மலை எரிமலை இல்லை. திருகோணமலைப் பக்கம் கன்னியாவில் வெந்நீர் ஊற்று இருப்பதால் நிறையப் பேர் அப்படி நினைக்கிறார்கள். அது மண்ணுக்குள் ஆழமாக இறங்கிச் சூடாகி, பாறை வெடிப்பு வழியே திரும்ப மேலே வரும் தண்ணீர். மலையகத்துப் பாறை பூமிக்கடியில் அழுத்தத்திலும் சூட்டிலும் கிடந்து உருமாறிய பாறை. ரோட்டோரம் புதிதாக வெட்டிய இடத்தில் கிட்டப் போய்ப் பாருங்கள். கறுப்பும் வெள்ளையுமாக வரிவரியாக ஓடும், சில இடங்களில் நடுவே மாதுளை முத்து மாதிரிச் சிவப்புக் கல் பதிந்திருக்கும். அதுதான் கார்னெட்.

நீங்கள் பார்த்தது ரொட்டொருவாவாக இருக்கும். 2006இல் உலக மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப் நடந்த ஊர் அது. அந்த மண்ணில் எரிமலைச் சாம்பலும் நுரைக்கல்லும் கலந்திருக்கின்றன. நுரைக்கல் முழுக்கத் துவாரம் என்பதால் மழைத் தண்ணீர் தேங்காமல் கீழே இறங்கிவிடும். நம்முடையது பாறை சிதைந்து உண்டான செம்மஞ்சள் களி. நனைந்தால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடாது. அதனால் அங்கே ஓட்டுகிறவர் சொல்லும் டயர் நமக்குச் சரிவராது. நமக்குப் பல் உயரமாகவும் இடைவெளி விட்டும் இருக்க வேண்டும், அப்போதுதான் சக்கரம் சுற்றும்போதே சேறு உதிரும். டியூப் போட்ட 2.2 அங்குல டயர், 65 கிலோ ஆள் என்றால் காற்றை 30 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள். பெரிய மழைக்குப் பிறகு நான் பாதைக்கு ஒரு முழு நாள் வெயில் பட விடுவேன். ஏன் என்பது கீழே வேறொரு பதிலில் வருகிறது.

கண்டியில் படிக்கும் ஒரு தங்கை: எந்த மாதம் எந்தப் பக்கம் போகலாம்?

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை எல்லாம் நனைந்து கிடக்கும். அதே நேரம் மலைக்கு இந்தப் பக்கம் ஊவா காய்ந்து இறுகியிருக்கும், கச்சான் காற்று அடிக்கும். ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறுகிற காலமும் அதுதான். அப்போது இங்கே வாருங்கள். மேட்டு முகட்டில் மட்டும் கவனம், காற்று பக்கவாட்டில் ஆளையே தள்ளும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை பதுளைப் பக்கத்தைப் பிடிக்கும், அப்போது நாங்கள் ஹட்டன் பக்கம் வருவோம். ஒக்டோபர், நவம்பரில் எந்தப் பக்கம் என்றாலும் பின்னேரத்தில் இடிமழை. விடிந்ததும் கிளம்பி மதியத்துக்குள் இறங்கிவிட வேண்டும்.

அந்த இரண்டு மாதங்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது 2014 ஒக்டோபர் 29. அந்தப் பக்கம் போனால் இன்றும் நான் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் நடக்கிறேன். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்ட நாளில் சரிவுப் பாதைப் பக்கமே போகாதீர்கள். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், தெளிவாக ஓடிய பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கி வருவது, இதில் எதைக் கண்டாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பக்கத்து லயத்தில் போய்ச் சொல்லுங்கள்.

பதுளையிலிருந்து ஒருவர்: லிப்டன் சீட் மலை உச்சியிலிருந்து இறங்கும்போது பாதி வழியில் பிரேக் லீவர் ஹேண்டில் வரைக்கும் வந்துவிட்டது. பிரேக் கெட்டுப்போய்விட்டதா?

கெட்டுப்போகவில்லை, கொதித்துவிட்டது. எனக்கும் அதே இறக்கத்தில் நடந்திருக்கிறது. மேலேயிருந்து தம்பேதன்ன தேயிலை ஸ்டோர் (ஃபேக்டரி) வரை ஏறக்குறைய 7 கிலோமீற்றர். நான் பயத்தில் இரண்டு பிரேக்கையும் விடாமல் லேசாக அழுத்திக்கொண்டே வந்தேன். முதலில் கருகிய வாடை வந்தது. அப்புறம் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கியது. காலை ஊன்றி, மேட்டுப்பக்கக் கரையில் உரசித்தான் நின்றேன். டிஸ்க்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன், சுர்ரென்று ஆவியாகிப் போனது.

லேசாக அழுத்திக்கொண்டே வருவதுதான் தப்பு. அந்தச் சூடு ஆறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. ஹைட்ராலிக் பிரேக்கில் உள்ளே இருக்கும் எண்ணெய் பழையதாகி ஈரம் சேர்ந்திருந்தால் சீக்கிரமே கொதித்துக் குமிழ் கட்டும், அந்தக் குமிழைத்தான் உங்கள் லீவர் அமுக்குகிறது. வளைவுக்கு முன்னால் நன்றாகப் பிடித்து வேகத்தைக் கொல்லுங்கள், வளைவுக்குள் விட்டுவிடுங்கள், அடுத்த வளைவுக்கு முன் மறுபடி பிடியுங்கள். முன் பிரேக்குக்குப் பயப்படாதீர்கள், நிறுத்துகிற வலுவில் பெரும் பங்கு அதில்தான். சீட்டை இறக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளி, முழங்கையை மடக்கி வைத்துக்கொண்டு ஒரு விரலால் பிடித்தால் ஆள் கவிழமாட்டார். உங்கள் சைக்கிளில் எண்ணெய் மாற்றிக் காற்றெடுக்க வேண்டும். எந்த எண்ணெய் என்று லீவர் மூடியில் எழுதியிருக்கும். மினரல் எண்ணெய் போடுகிற பிரேக்கில் டொட் (DOT) என்கிற மற்ற வகை பிரேக் எண்ணெயை ஊற்றினால் சீல் எல்லாம் ஊதிப் பழுதாகிவிடும்.

தலவாக்கலையிலிருந்து ஒரு அக்கா: மகளுக்குப் 13 வயது. மவுண்டன் பைக் கேட்டு அழுகிறாள். வாங்கிக் கொடுக்கலாமா? விழுந்து கையைக் காலை உடைத்துக்கொள்வாளோ என்று பயம்.

வாங்கிக் கொடுங்கள் அக்கா. வளருவாள் என்று பெரிய சைக்கிள் மட்டும் வாங்க வேண்டாம், பிள்ளைகள் விழுவது பெரும்பாலும் அதனால்தான். நடு பாருக்கு இரண்டு பக்கமும் கால் போட்டு நின்றால் இரண்டு பாதமும் நிலத்தில் முழுக்கப் பட வேண்டும், பாருக்கும் உடம்புக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளியும் இருக்க வேண்டும். பிரேக் லீவரில் ஒரு சின்ன ஸ்குரூ உண்டு. அதைத் திருகினால் லீவர் கைக்குக் கிட்ட வரும். அவள் விரல் எட்டுகிறதா என்று நீங்களே பாருங்கள். முதல் ஒரு மாதம் பள்ளிக்கூட கிரவுண்டில், புல்லில். ஹெல்மெட் புதிதாகவே வாங்குங்கள், ஒருமுறை பலமாக அடிபட்டால் மாற்றிவிடுங்கள். என்னோடு வரும் கூட்டத்தில் இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். இறக்கத்தில் பையன்களைவிடப் பொறுமையாக வளைவு எடுப்பது அவர்கள்தான்.

கொழும்பிலிருந்து வார இறுதியில் வரும் ஒருவர்: தோட்டத்துக்குள் ஓட்ட அனுமதி வேண்டுமா? ஒரு தோட்டத்தில் எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வேண்டும். தோட்ட ஓபீசில் முன்கூட்டியே கேளுங்கள், கேட்டால் பெரும்பாலும் விடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை நல்லது, மலையில் ஆள் இருக்காது. மருந்து அடிக்கிற நாளில் கேட்கவே வேண்டாம்.

அனுமதியோடு விஷயம் முடிவதில்லை என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். இந்தப் பாதைகளை யாரும் சைக்கிளுக்காகப் போடவில்லை. கோப்பிக் காலத்திலும், 1867இல் கண்டிப் பக்கம் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிடத் தொடங்கியதற்குப் பிறகும், நம் ஆட்கள் காட்டை வெட்டி, கல் அடுக்கி, நடந்து நடந்து உண்டான பாதை. இன்றும் அது வேலைக்குப் போகிற வழி. ஒருமுறை வளைவில் திரும்பினேன், எதிரே ஒரு அம்மா முதுகில் கொழுந்து நிறைந்த பையோடு வந்தார். என்னைக் கண்டதும் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினார். செருப்பின் பாதி கல்லில், பாதி அந்தரத்தில். சுமையோடு இருக்கிறவர் ஒதுங்கி, சும்மா ஓட்டுகிறவன் நடுவில் போவது எப்படி நியாயம்? அன்றைக்கே சைக்கிளில் மணி மாட்டினேன். ஆளைக் கண்டால் இறங்கி, பள்ளத்துப் பக்கம் நான் நின்று, மேட்டுப்பக்கம் அவருக்கு விடுகிறேன். என்னோடு வருகிறவர்களுக்கும் இதுதான் விதி.

அடுத்தது கான். சரிவுக்குக் குறுக்கே வெட்டி வைத்திருக்கும் அந்தக் கான்தான் மழைத் தண்ணீரைப் பிடித்து, மண் அடித்துப் போகாமல் ஓரமாகக் கொண்டுபோய் விடுகிறது. ஒரு ஞாயிறு, ஈர மண்ணில், கானைத் தாண்டும் இடத்தில் பின் சக்கரத்தைப் பூட்டி வழுக்கினேன், கரை உடைந்தது. பெரிதாகத் தெரியவில்லை, போய்விட்டேன். இரண்டு நாள் கழித்துப் போனால், அந்த உடைப்பு வழியாகத் தண்ணீர் இறங்கி மூன்று தேயிலைச் செடிகளின் வேர் வெளியே தெரிந்தது. வயதான ஐயா ஒருவர் மண்வெட்டியோடு நின்றிருந்தார். நான்தான் உடைத்தேன் என்று சொன்னேன். அவர் திட்டவில்லை, மண்வெட்டியை நீட்டினார். இரண்டு மணி நேரம் கல் சுமந்து அடைத்தேன். ஈரத்தில் ஓட்டாதீர்கள், கான் வந்தால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தம்பி: குளவிக்கும் சிறுத்தைக்கும் என்ன செய்வது அண்ணே?

குளவிக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். கூடு எங்கே என்று கொழுந்து எடுக்கிறவர்களுக்குத் தெரியும், கேட்டுவிட்டுப் போங்கள். கலைந்துவிட்டால் கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு, நிற்காமல் விலகிப் போக வேண்டும். நிறையக் கொட்டியிருந்தாலோ மூச்சு வாங்கினாலோ நேரே ஆஸ்பத்திரிக்கு. சிறுத்தை பொதுவாக ஆளைக் கண்டால் ஒதுங்கும். கருக்கலிலும் அந்தி நேரத்திலும் காட்டோரம் தனியே ஓட்டாதீர்கள், அவ்வளவுதான். அட்டைக்குச் சவர்க்காரம் தேய்த்த நீளக் காலுறை போதும்.

நுவரெலியாவிலிருந்து ஒருவர்: பீக்கோ டிரெயிலில் சைக்கிள் போகுமா? ஹோர்ட்டன் சமவெளியில்?

பீக்கோ டிரெயில் நடப்பவர்களுக்காக ஒழுங்கு செய்தது. ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது, 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கு மேல். தோட்ட ரோட்டாக இருக்கும் பகுதிகளில் சைக்கிள் அழகாகப் போகும், படிக்கட்டும் ஒற்றையடியும் வரும் இடத்தில் தோளில் தூக்க வேண்டும். ஹோர்ட்டன் சமவெளியின் நடைபாதையைச் சைக்கிள் இல்லாமல் நடந்தே பாருங்கள். அந்தப் புல்வெளியில் ஒரு டயர்த் தடம் விழுந்தால் எத்தனை மழைக்கு மாறாமல் கிடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

வெலிமடையிலிருந்து ஒரு தம்பி: ஜப்பானிலிருந்து வரும் பழைய மவுண்டன் பைக் வாங்கலாமா? என்னென்ன பார்க்க வேண்டும்?

தாராளமாக வாங்கலாம், என்னுடைய முதல் சைக்கிளும் அப்படி வந்ததுதான். பெயின்டைப் பார்த்து மயங்காதீர்கள். ஹேண்டிலுக்குக் கீழே பைப் சேரும் வெல்டிங்கில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், முடி அளவு வெடிப்பு இருந்தாலும் வேண்டாம். முன் ஃபோர்க்கை அமுக்கி விட்டால் சீராக மேலே வர வேண்டும், அந்தப் பளபளப்பான குழாயில் கீறலோ துருவோ இருக்கக்கூடாது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்தால் டக் டக் என்று கேட்டால் ஹேண்டில் திரும்பும் இடத்து பெயரிங், அதாவது ஹெட்செட், தளர்ந்திருக்கிறது, அதைச் சரிசெய்யலாம். செயினும் பல்லும் எப்படியும் மாற்ற வேண்டிவரும், அந்தக் காசை விலையில் கழித்துக் கேளுங்கள். 26 அங்குலச் சக்கரம் பழசு என்று யாராவது சொன்னால் விடுங்கள், அந்த டியூப் இன்னும் சின்ன டவுன் கடையிலும் கிடைக்கிறது. வாங்குவதற்கு முன் இந்தப் பக்கம் கொண்டுவந்தால் நானே பார்த்துச் சொல்கிறேன்.