வகுப்பறைத் தொட்டியில் மீன்கள் ஏன் இறக்கின்றன?
கிளிநொச்சியில் தரம் 3 பிள்ளைகள் ஆசையாகப் பராமரித்தும் மீன்கள் இறப்பதாகக் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அந்த ஆசைதான் காரணம்: ஆளுக்கொரு சிட்டிகையாக வகுப்பே போடும் தீனி அடியில் அழுகி அமோனியாவாகிறது, அதை நச்சுக் குறைந்த நைத்திரேற்றாக மாற்றும் பற்றீரியாக்கள் புதிய தொட்டியில் பெருகுவதற்கு 4 முதல் 6 கிழமைகள் வரை செல்லும். ஆகவே நாளுக்கொரு பிள்ளை, மீன்கள் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவை மட்டும் போட்டு, சுவரிலுள்ள தாளில் அடையாளமிடட்டும். கிழமைக்கொருமுறை காற்பங்கு நீரை மாற்றினால் போதும். சிரமதான வேகத்தில் தொட்டியையும் சவர்க்காரமிட்டுத் தேய்த்தால் அந்தப் பற்றீரியாக்களும் போய்விடும், மீனுக்கும் ஆபத்து. குளோரின் கலந்த குழாய்நீரை ஒருநாள் வாளியில் திறந்து வையுங்கள். வன்னியில் பல கிணறுகளின் நீர் வன்னீர் (கல்சியம் போன்ற உப்புகள் கூடிய நீர்) என்பதால் அதைத் தாங்கும் கப்பி மீனே பொருத்தம். நுளம்புக் குடம்பியொன்றை அது எட்டிக் கௌவுவதையும் பிள்ளைகள் பார்க்கலாம்.