வாக்குத்தத்த அட்டையில் வந்தது நடக்கவில்லையே, புத்திக்கு எட்டாததை எப்படி நம்புவது?

புத்தாண்டு இரவு ஆராதனையில், அந்த ஆண்டுக்கான வாக்காக ஆளுக்கொரு வேத வசன அட்டை எடுக்கும்போது, 'உங்களைக் குறித்த என் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கானவை' என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11 எடுத்தீர்கள், டிசம்பர் வந்தும் வேலை கிடைக்கவில்லை என்கிறீர்கள். பெங்களூருவில் எங்கள் தமிழ்ச் சபையிலும் அந்த அட்டை யாருக்கு வந்தாலும் பக்கத்து வரிசைக்குச் சிறிது பொறாமைதான். ஆனால் அதற்கு முந்தைய வசனத்தை யாரும் அட்டையில் அச்சிடுவதில்லை. பாபிலோனில் 70 ஆண்டுகள் முடிந்த பிறகே உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன் என்று அதில் இருக்கிறது.

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி அனுப்பிய கடிதம் அது. இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி சொல்லியிருந்தான். கேட்க இனிமையாக இருந்தது, பொய்யாகிப் போனது. எரேமியாவோ, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த நகரத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று எழுதினார். கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்கவே முடியாது. பிழைப்புக்காக இங்கே வந்து தங்கிவிட்ட நமக்கு இது ஓரளவு புரியும். எனவே விண்ணப்பம் போடுவதை நிறுத்தாதீர்கள். அதுவும் தோட்டம் போடுவதுதான்.

விசுவாசம் என்றால் மூளையைக் கழற்றி வைப்பது என்று சிலர் போதிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நீதிமொழிகள் 3:5 சுயபுத்தியின்மேல் சாயாதே என்கிறது. யோசிக்காதே என்று சொல்லவில்லை. கடவுளின் வாக்கை நம்பி ஆபிரகாம் ஊரைவிட்டுப் புறப்பட்டது 75 வயதில், வாக்குப்படி மகன் ஈசாக்கு பிறந்தது அவருடைய 100 வயதில். இடையில், இந்த வயதில் பிள்ளையா என்று அவரும் சிரித்தார், மனைவி சாராளும் சிரித்தாள். அதற்காகக் கடவுள் அவர்களைத் தள்ளிவிடவில்லை. ஈசாக்கு என்ற பெயருக்கே சிரிப்பு என்றுதான் பொருள்.