கேள்வி பதில்: ரஷ்யச் சிற்றூரும் அதன் தேவாலயமும்

கேள்வி: ரஷ்யச் சிற்றூர் ஒன்றின் வரலாற்றை அண்மையில் படித்தேன். அதில் பாதிக்கு மேல் ஊர்த் தேவாலயத்தைப் பற்றியே இருக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் யார் யாரை மணந்தார் என்பது வரை எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு விவரம் எங்கிருந்து கிடைத்தது? (வாசகர், தேவகோட்டை)

பதில்: தேவாலயத்தின் பதிவேட்டிலிருந்துதான். மகா பீட்டர் காலத்தில், 1722ஆம் ஆண்டு ஆணையின்படி, ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் ஒவ்வொரு பங்கிலும் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய மூன்றையும் பாதிரியார் எழுதி வைப்பது கட்டாயமாயிற்று. குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்த நாள், பெற்றோர், ஞானப்பெற்றோர், மணமக்களின் வயது, இறந்தவரின் வயது, இறப்புக்கான காரணம் என அந்த ஏடுகள் பிற்காலத்தில் விரிந்துகொண்டே சென்றன. ஒரு படி தேவாலயத்திலும் மற்றொரு படி மறைமாவட்ட அலுவலகத்திலும் இருந்ததால், ஊரில் தீப்பிடித்து மரத்தேவாலயம் எரிந்துபோனாலும் ஊரின் கணக்கு எரிந்துபோகவில்லை. இவை தவிர, ஆண்டுதோறும் பாவசங்கீர்த்தனம் (பாதிரியாரிடம் பாவங்களை அறிக்கையிடுதல்) செய்தவர் யார், செய்யாதவர் யார் என்று வீடுவாரியாக ஒரு பட்டியலும் எழுதப்பட்டது. பக்தியைச் சோதிக்க எழுதிய பட்டியல் இன்று குடும்ப வரலாறு தேடுவோருக்குப் பயன்படுகிறது.

வரிக்காக அரசு எடுத்த தலைக்கணக்கும் உண்டு. ஆனால் அது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1850கள் வரை பத்து முறை மட்டுமே எடுக்கப்பட்டது. 1861இல் பண்ணையடிமை முறை ஒழியும் வரை நிலக்கிழாரின் உடைமையாக வாழ்ந்த ஒரு குடியானவரின் வாழ்க்கையை ஆண்டுக்கு ஆண்டு தொடர்ந்து காட்டும் எழுத்து, பெரும்பாலும் பாதிரியாரின் கையெழுத்துதான். ஊர் வரலாறு எழுதுவோர் தேவாலயத்தில் தொடங்குவதற்குப் பக்தியைவிட இந்த நடைமுறைக் காரணமே பெரிது என்பது என் கருத்து.

நம் செட்டிநாட்டுப் பகுதியினருக்கு இது எளிதில் விளங்கும். நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் தமக்குரிய கோயிலிலிருந்து திருமணத்துக்கு மாலை வந்த பிறகே ஒரு தம்பதி அக்கோயிலின் புள்ளியாக, அதாவது ஒரு குடும்பமாக, கணக்கில் ஏறுகின்றனர். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்: இங்கே கணக்கு கோயில் வழிப் பங்காளிகளைப் பொறுத்தது, எந்த ஊரில் குடியிருந்தாலும் புள்ளி மாறாது. ரஷ்யாவிலோ குடியிருக்கும் இடமே பங்கை முடிவுசெய்தது.

கேள்வி: கீழி தீவின் மரத்தேவாலயம் ஓர் ஆணிகூட இல்லாமல் கட்டப்பட்டது என்கிறார்களே, உண்மையா? (வாசகர், காரைக்குடி)

பதில்: பாதி உண்மை. ஒனேகா ஏரியிலுள்ள அத்தீவில் 1714இல் எழுந்த, 22 குவிமாடங்கள் கொண்ட உருமாற்றத் தேவாலயத்தின் சுவர்களில், பைன் மரத்தடிகள் ஒன்றோடொன்று வெட்டிப் பொருத்தப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பிணைக்க ஆணி தேவைப்படவில்லை. குவிமாடங்களைப் போர்த்தியிருக்கும் ஆஸ்பென் மரச்செதில்களை ஆணி அடித்தே பொருத்தினார்கள். குளிர்காலத்தில் அதில் வழிபாடு நடப்பதில்லை என்பது கூடுதல் செய்தி. அருகிலேயே, கணப்பு மூட்டக்கூடிய சிறிய தேவாலயம் ஒன்று அதற்கென இருக்கிறது. கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்பது வடபகுதிப் பங்குகள் பலவற்றில் இருந்த வழக்கம்.

கேள்வி: புரட்சிக்குப் பிறகு இந்தத் தேவாலயங்களும் ஏடுகளும் என்னவாயின? எங்கள் உறவுப் பெண் மணந்திருக்கும் ரஷ்யர் தம் பாட்டனார் ஊரைத் தேடுகிறார். (வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: 1917 டிசம்பரிலேயே திருமணமும் பிறப்பும் பதிவு செய்யும் பொறுப்பு அரசுக்கு மாற்றப்பட்டது, அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் திருச்சபை அரசிலிருந்து பிரிக்கப்பட்டது. 1922இல் பஞ்ச நிவாரணத்தின் பெயரால் தேவாலயங்களின் வெள்ளியும் பொன்னும் பறிமுதலாயின. ஆயினும் கிராமத்துக்குப் பேரிடியாக வந்தது 1929 முதல் நடந்த கூட்டுப்பண்ணை இயக்கம்தான். மணிகள் இறக்கப்பட்டு உருக்கப்பட்டன. கட்டடங்கள் தானியக் கிடங்காகவும் பொழுதுபோக்கு மன்றமாகவும் மாறின. கிடங்காகப் பயன்பட்டதாலேயே சில கட்டடங்கள் இடிபடாமல் தப்பின. ரஷ்யா கிறித்தவம் ஏற்றதன் ஆயிரமாவது ஆண்டு 1988இல் கொண்டாடப்பட்ட பின் பல தேவாலயங்கள் திருச்சபைக்குத் திரும்பி வந்தன. அதற்குள் மக்கள் நகரங்களுக்குப் போய்விட்டதால், செப்பனிட்ட தேவாலயமும் ஆளற்ற வீடுகளுமாக நிற்கும் ஊர்கள் பல.

ஏடுகள் பெரும்பாலும் இன்று மாநில ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. உங்கள் உறவினர் அங்கே கேட்கும்போது பாட்டனாரின் ஊர்ப்பெயரை மட்டும் சொன்னால் போதாது. அவ்வூர் எந்தத் தேவாலயத்தின் பங்கில் அடங்கியிருந்தது என்பதை முதலில் அறிய வேண்டும். ஒரே பங்கில் தேவாலயமில்லாத பல குக்கிராமங்கள் அடங்கியிருந்தன. ஏடு தேவாலயத்தின் பெயரில்தான் அடுக்கப்பட்டிருக்கும். அவ்வூர்ப் பெயர் அதே மாவட்டத்தில் வேறு ஊர்களுக்கும் இருக்கக்கூடும் என்பதால், பழைய மாவட்டத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.