இரண்டு கம்பெனி ஹீரோக்கள் மோதும் கேம்: ஏஜென்ட்டுக்கு முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: போட்டி நிறுவனங்கள் இரண்டின் கதாபாத்திரங்கள் மோதும் சண்டை கேம் ஒன்றை நண்பர்களோடு சேர்ந்து செய்துகொண்டிருக்கிறேன். ஓர் ஏஜென்ட், முன்பணம் கொடுத்தால் ஐடியாவைப் பதிவு செய்து, இரு நிறுவனங்களிடமும் உரிமம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா? இலவசமாக வெளியிட்டால் சிக்கல் வராதுதானே?

பதில்: முதலில் அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள், மற்றதை அப்புறம் பேசுவோம்.

ஐடியாவுக்குப் பதிப்புரிமை கிடையாது. "இவரும் அவரும் மோதினால் எப்படி இருக்கும்" என்ற எண்ணம் யாருக்கும் சொந்தமில்லை. நீங்கள் எழுதிய நிரல் (கோட்), வரைந்த படம், போட்ட இசை இவற்றுக்குத்தான் உரிமை உண்டு, அதுவும் பெர்ன் உடன்படிக்கை என்ற சர்வதேசப் பதிப்புரிமை ஒப்பந்தப்படி பதிவே செய்யாமல் தானாக வந்துவிடும். அப்படியிருக்க அவர் எதைப் பதிவு செய்யப்போகிறார்? ஒரு முத்திரைத்தாளைக் காட்டி காசு பறிப்பதுதான் இந்த ஆட்களின் பிழைப்பு.

உரிமம் பேசுவது இன்னும் பெரிய கதை. கேப்காம், நாம்கோ என்ற இரண்டு ஜப்பானிய கேம் நிறுவனங்கள், கேப்காமின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' ஆட்களும் நாம்கோவின் 'டெக்கன்' ஆட்களும் மோதும்படி ஆளுக்கொரு கேம் செய்வதாக 2010-ல் மேடையேறி அறிவித்தார்கள். கேப்காமின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன்' 2012-ல் வந்தது, நாம்கோ செய்வதாகச் சொன்ன மறுபாதி வரவேயில்லை. ஒப்புக்கொண்ட நிறுவனங்களுக்குள்ளேயே இந்த நிலை. வந்தவையும் நிலைப்பதில்லை: மார்வெல் காமிக்ஸ் ஹீரோக்களும் கேப்காம் ஆட்களும் மோதும் 'மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2' 2013 கடைசியில் டிஜிட்டல் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டு, 2024-ல்தான் ஒரு தொகுப்பாகத் திரும்பி வந்தது. நடுவில் பத்து வருடம் புதிதாக வாங்க நினைத்தவனுக்கு அங்கே வழியில்லை, அதைப் பற்றி எந்த வக்கீலுக்கும் கவலையுமில்லை. இப்படிப்பட்ட கதவை முன்பணம் வாங்கிய ஒருவர் தட்டித் திறந்துவிடுவாரா?

இலவசம் என்பது காப்பாற்றாது. "உரிமை மீறும் நோக்கமில்லை" என்று அடியில் ஒரு வரி போடுவதும் காப்பாற்றாது, அது தப்பை நீங்களே எழுதிக் கொடுப்பதுதான்.

உடனே எல்லோரும் கேட்பது 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் மெகாமேன்' பற்றி. ஆமாம், ரசிகர் ஒருவர் செய்த கேம், கேப்காமே 2012 டிசம்பரில் இலவசமாக வெளியிட்டது. ஆனால் நன்றாகக் கவனியுங்கள்: இரண்டு தொடருமே கேப்காமுடையவை, ஒரே வீட்டுப் பிள்ளைகள். சம்மதிக்க வேண்டியது ஒரே ஒரு நிறுவனம், அதுவும் முழு மனதோடு ஆதரவு தந்தது. உங்களுக்கோ வேண்டியது இரண்டு சம்மதம், அதுவும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருப்பவர்களிடமிருந்து. ஆகவே அந்த உதாரணத்தை யார் காட்டினாலும் மயங்காதீர்கள்.

உங்கள் உழைப்பு வீணாக வேண்டியதில்லை. 'மை லிட்டில் போனி' கார்ட்டூன் குதிரைப் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் செய்துகொண்டிருந்த சண்டை கேமை 2013-ல் அந்தப் பாத்திரங்களின் உரிமையாளரான பொம்மை நிறுவனம் ஹாஸ்ப்ரோ வக்கீல் கடிதம் அனுப்பி நிறுத்தியது. அந்த ரசிகர்கள் புது விலங்குப் பாத்திரங்களை வைத்து, 'தெம்ஸ் ஃபைட்டின் ஹெர்ட்ஸ்' என்ற பெயரில் 2020-ல் முழுமையாக வெளியிட்டு விற்றார்கள். அதே வழிதான் உங்களுக்கும்: அடி, தடுப்பு, காம்போ (தொடர் அடி) எல்லாம் நீங்கள் யோசித்தபடியே இருக்கட்டும், முகம், உடை, குரல், பெயர், அந்த நாயகர்களை அடையாளம் காட்டும் வித்தைகள் எல்லாவற்றையும் வெளியிடுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள், கடிதம் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால், எந்த நிறுவனத்தில் யாரிடம் பேசினார் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பெயரை நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ முகவரிக்கு நீங்களே எழுதி விசாரியுங்கள், ஏஜென்ட் தரும் எண்ணுக்கு அல்ல.