டர்பன் வெயிலில் ஒரு ஹோம் அலோன் விருந்து: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எனக்கு இரண்டு பிள்ளைகள். மகனுக்கு எட்டு வயது, மகளுக்குப் பதினொன்று. இருவருக்கும் ஹோம் அலோன் படம் என்றால் உயிர். டிசம்பர் 23 சாயங்காலம் மாமா வீட்டுப் பிள்ளைகள், சித்தி வீட்டுப் பிள்ளைகள், அக்கம்பக்கத்தார் எல்லாரையும் கூப்பிட்டு அந்தப் படத்தை வைத்தே ஒரு விருந்து கொடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். படம் முழுக்கப் பனி, இங்கே தென்னாப்பிரிக்காவிலோ டிசம்பரில் வெயில் கொளுத்துகிறது. கடையில் அலங்காரச் சாமான்களின் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. மார்கழி பிறந்துவிட்டால் வீட்டில் கவுச்சி கூடாது, இதெல்லாம் நமக்கு எதற்கு என்கிறார் மாமியார். எங்கிருந்து தொடங்குவது?
ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: முதலில் பனியை மறந்துவிடுங்கள் அம்மா. பஞ்சை ஒட்டி, ஜன்னலுக்கு வெள்ளை ஸ்ப்ரே அடித்து, பிளாஸ்டிக் பனிக்கட்டி தொங்கவிட்டுச் செலவு செய்தால் இரண்டு மணி நேரத்தில் எல்லாம் ஈரக்காற்றில் நமத்துத் தொங்கும். பிள்ளைகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அவர்கள் அந்தப் படத்தை விரும்புவது பனிக்காக இல்லையே! ஒரு வீடு முழுக்கத் தன் கையில் கிடைத்தால் ஒரு பிள்ளை என்னவெல்லாம் செய்வான் என்பதுதான் அவர்களைப் பிடித்து வைத்திருக்கிறது. படத்தில் வரும் பையன் கெவினுக்கும் எட்டு வயது, உங்கள் மகனுக்கும் எட்டு. குடும்பமே பாரிஸுக்கு விமானம் ஏறிவிடுகிறது, சிகாகோ பக்கத்துப் பெரிய வீட்டில் இவன் ஒருவன்தான் மிச்சம். அப்போது அவன் என்னென்ன செய்தானோ அதையே உங்கள் பிள்ளைகளும் செய்யட்டும், விருந்து தானாக அமைந்துவிடும். கடையில் வாங்க வேண்டியதும் பெரிதாக ஒன்றும் இருக்காது.

அழைப்பிதழிலிருந்து ஆரம்பியுங்கள். திருடர்கள் வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் கெவின் கலர் பென்சிலை எடுத்து வீட்டின் படத்தை வரைந்து, எந்த இடத்தில் என்ன பொறி என்று குறித்துவைப்பான். உங்கள் பிள்ளைகளும் உங்கள் வீட்டை அப்படி வரையட்டும். வாசல், கூடம், சமையலறை, கொல்லையில் நிற்கும் மாமரம் வரை எல்லாம் வரட்டும். வருகிறவர்கள் எந்தக் கதவைத் தட்ட வேண்டும், எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், சாப்பாடு எங்கே என்று அம்புக்குறி போடட்டும். அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அழைப்பிதழ் செலவு முடிந்தது. கோணல்மாணலாக வந்தால் வரட்டும், நீங்கள் கைவைத்துத் திருத்தாதீர்கள்.

அலங்காரத்துக்கு இரண்டு நிறம் போதும். அடுத்த முறை பார்க்கும்போது கவனியுங்கள், அந்த வீட்டில் சுவர்க் காகிதம், தரைவிரிப்பு, உடுப்பு என்று எங்கே திரும்பினாலும் சிவப்பும் பச்சையும்தான். நம் வீட்டில் அதற்கு வழியா இல்லை? வாசலில் சிவப்பும் பச்சையுமாக ஒரு பெரிய கோலம். மார்கழிதானே, உங்கள் மாமியாரையே போடச் சொல்லுங்கள். விருந்தில் அவருக்கும் ஒரு பங்கு வந்துவிட்டால் முறைப்பு பாதி குறைந்துவிடும் என்பது என் எண்ணம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வீட்டில் ஆளே இல்லை என்று திருடர்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகக் கெவின் பாட்டைச் சத்தமாக வைத்து, கடைப் பொம்மைகளையும் அட்டையில் வெட்டிய உருவத்தையும் ஜன்னலுக்குப் பின்னால் ஆடவிடுவான். கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனின் அட்டை உருவம் பொம்மை ரயில் மேல் ஏறிச் சுற்றிச் சுற்றி வரும். வெளியே நிற்கிற திருடர்களுக்கு உள்ளே பெரிய விருந்து நடப்பதாகத் தோன்றும். இதைத் தெருப் பக்கத்து ஜன்னலில் நீங்களும் செய்யலாம். பழைய ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி கிடைத்தால் நல்லது. தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல ஒன்று, மாமா கையில் கரண்டியோடு பிராய், அதாவது கரி அடுப்பில் சுடும் சமையல், போடுவது போல ஒன்று, சேலைத் தலைப்போடு மாமியார் ஒன்று. தரையில் பழைய போர்வையை விரித்து ஆளைப் படுக்கவைத்துச் சுற்றிக் கோடு போட்டு வெட்டினால் அச்சு அசலாக வந்துவிடும். கழுத்திலும் கையிலும் நூல் கட்டி, ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் திரையை இழுத்துவிட்டு, உருவங்களுக்குப் பின்னால் ஒரு மேசை விளக்கை வையுங்கள். விளக்கு தள்ளியே இருக்கட்டும், அட்டையையோ திரையையோ தொடக் கூடாது. டிசம்பரில் நமக்கு ஏழு மணியை ஒட்டித்தான் பொழுது சாயும், அதனால் விருந்தாளிகளை ஏழேகாலுக்கு வரச் சொல்லுங்கள். தெருவில் காரை நிறுத்தி இறங்கும்போதே மேலே தங்கள் நிழல் ஆடுவதை அவர்கள் பார்க்க வேண்டும். பிள்ளைகள் உள்ளே தரையில் குந்தியபடி நூலை இழுத்துக்கொண்டிருப்பார்கள்.

விளையாட்டுக்கு ஒன்று போதும். ஒரு நடையில் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பளி நூலைக் கட்டுங்கள், முழங்கால் உயரத்தில் ஒன்று, இடுப்பளவில் ஒன்று, தலைக்கு மேல் ஒன்று என்று. நூலுக்கு நூல் சலங்கை மணி கோர்த்துவிடுங்கள், மகள் பரதநாட்டியம் கற்கிறாள் என்றால் வீட்டிலேயே இருக்கும். மணி ஒலிக்காமல் அந்தப் பக்கம் போக வேண்டும், ஒலித்தால் திருடன் மாட்டிக்கொண்டான். பெரியவர்களையும் விடாதீர்கள், மாமாக்கள் தவழ்ந்து போவதைப் பார்க்கத்தான் பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

ஆனால் ஒன்று, இதைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். படத்தில் வரும் பொறிகள் எல்லாம் பயிற்சி பெற்ற சண்டைக் கலைஞர்கள் நடித்தவை. தலையில் விழும் இஸ்திரிப் பெட்டி, மாடிப்படியில் ஆடிவரும் பெயிண்ட் டின், சூடேறிய கதவுக் கைப்பிடி, இவற்றில் ஒன்று நிஜத்தில் நடந்தாலும் ஆள் ஆஸ்பத்திரியில்தான். தரையில் பொம்மைக் கார்களைக் கொட்டுவதுகூட வேண்டாம். டைல்ஸ் தரையில் வயதானவர் ஒருவர் காலை வைத்தால் இடுப்பெலும்பு போய்விடும். படம் தொடங்குமுன் பிள்ளைகளை உட்காரவைத்து இதை நேராகவே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் சாப்பாடு. கதையே ஒரு பீட்சாவில்தான் ஆரம்பிக்கிறது. அண்ணன்காரன் இவனுடைய சீஸ் பீட்சாவைத் தின்றுவிட, அதில் எழுந்த சண்டையில் பால் கொட்டி, இவனை மச்சுக்கு அனுப்புகிறார்கள். தனியாக இருக்கும்போது ஒரு முழு சீஸ் பீட்சாவை வாங்கித் தானே வைத்துக்கொள்வான். அதனால் ஆளுக்கொரு சின்னப் பீட்சா என்று கணக்கு வையுங்கள், பங்கு போட வேண்டாம், அதுதான் பிள்ளைகளுக்கு இதில் சந்தோஷமே. ரொட்டி மாவையே கொஞ்சம் தடிமனாகத் தட்டி, தக்காளி மசாலா தடவி, சீஸ் தூவி ஓவனில் வையுங்கள். பெரியவர்களுக்கு மேலே பச்சை மிளகாய். கெவின் மேசையில் மக்ரோனி சீஸும் இருக்கும். அதில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டிப் பாருங்கள், மாமியாரே இன்னொரு கரண்டி கேட்பார். அவன் பெரிய கிண்ணம் நிறைய ஐஸ்கிரீம் தின்பான், நமக்கு டிசம்பரில் மாம்பழமும் லிச்சியும் இருக்கும்போது அதற்குக் குறைவில்லை.

கவுச்சி இல்லாத வீடு என்றால் இரண்டு இடத்தில் எச்சரிக்கை வேண்டும். சில சீஸ்களை உறையவைக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பார்கள், பாக்கெட்டில் சைவக் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இன்னொன்று டிரைஃபிள் என்ற அடுக்கு இனிப்பில் போடும் ஜெல்லி. சாதாரண ஜெல்லியும் மார்ஷ்மெல்லோவும் ஜெலட்டினில் ஆனவை, அது விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவது. கடற்பாசியில் ஆன சைனா கிராஸ் வாங்கிக் காய்ச்சினால் பிரச்சினை இல்லை. காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்து சாயங்காலம் சைவ விருந்து என்று மாமியாரிடம் சொல்லுங்கள். தீபாவளிக்கு நாம் தட்டில் பலகாரம் வைத்துக் கொடுத்த கிறிஸ்தவ வீட்டாருக்கு அவர்கள் பண்டிகையில் இலை போடுவது நமக்குப் புதிதில்லையே.

படத்தை எப்போது போடுவது? மொத்தம் 103 நிமிடம். இருபது பேரை அசையாமல் உட்காரவைத்தால் விருந்து செத்துவிடும். மூன்று இடத்தில் நிறுத்துங்கள்: குடும்பம் விமானத்தில் பறக்கும்போது கெவின் இல்லை என்று அம்மாவுக்கு உறைக்கிற இடம், ஜன்னலில் நிழல்கள் ஆடி முடிகிற இடம், பொறிகள் தொடங்குவதற்குச் சற்று முன். ஒவ்வொரு முறையும் ஒரு பிள்ளை எழுந்து, அதுவரை நடந்ததை ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, தமிழில் சொல்ல வேண்டும். தெரியாத சொல்லுக்கு ஜாடை காட்டலாம், மற்றவர்கள் எடுத்துக்கொடுக்கலாம். வார இறுதி வகுப்பில் கற்ற தமிழை நம் பிள்ளைகள் வீட்டில் வாய்விட்டுப் பேச இப்படி எத்தனை சந்தர்ப்பம் கிடைக்கிறது, சொல்லுங்கள்? ஆயாவும் எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பார். எனக்கு இந்த விருந்தில் எதை விட்டாலும் இதை விட மனம் வராது.

அந்தப் படத்தில் பிள்ளைகள் பார்த்துப் பயப்படும் பக்கத்து வீட்டுக் கிழவர் ஒருவர் உண்டு. மகனோடு பேச்சு வார்த்தை இல்லாமல் தனியாக இருக்கிறவர். கோயிலில், அதாவது சர்ச்சில், அவர் கெவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசுகிற காட்சிதான் எனக்குப் படத்திலேயே உயர்ந்தது. உங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் இருந்தால் வாட்ஸ்அப்பில் சொல்லாதீர்கள், பிள்ளைகளை நேரில் அனுப்பிக் கூப்பிடுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டிலிருந்து வந்து ஜோகன்னஸ்பர்க் பக்கத்து மிட்ராண்டில் இருக்கிறோம். காம்ப்ளெக்ஸ் புல்வெளியில் புரொஜெக்டர் வைத்து நண்பர்களுக்கு இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப் போட ஆசை. கறுப்பு வெள்ளைப் படம், ஆட்கள் எழுந்து போய்விடுவார்களா?

பதில்: போக மாட்டார்கள் தம்பி, நடுவில் இடைவேளை விட்டால். 130 நிமிடப் படம் அது. வங்கியில் கூட்டம் முண்டியடித்து முடிந்து, புதுமணத் தம்பதி அந்த ஒழுகுகிற பழைய வீட்டுக்குள் போகிறார்களே, அங்கே நிறுத்திச் சமோசாவையும் இஞ்சி பியரையும் கொடுங்கள்.

ஆரம்பத்தில் ஒரு செய்தி சொல்லுங்கள், எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்தப் படத்தின் பனியெல்லாம் கோடை வெயிலில் எடுத்தது. 1946 கோடையில் இயக்குநர் ஃப்ராங்க் காப்ரா கலிஃபோர்னியாவில் படம் பிடித்தபோது வெயில் தாங்க முடியவில்லை. அதுவரை சினிமாவில் வெள்ளை பூசிய கார்ன்ஃப்ளேக்ஸைத்தான் பனியாகத் தூவுவார்கள், காலில் மிதித்தால் மொறுமொறுவென்று சத்தம் வரும். காப்ராவின் ஆட்கள் தீயணைக்கும் நுரையோடு சோப்பும் தண்ணீரும் கலந்து சத்தமில்லாத பனியைச் செய்தார்கள், அதற்கு ஆஸ்கர் கொடுக்கும் அகாடமியின் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது. கதாநாயகன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் பனியில் ஓடிவருகிற காட்சிகளில் முகத்தைப் பாருங்கள், வியர்வை தெரியும். உங்கள் ஹைவெல்ட் மேட்டுநிலத்து டிசம்பரில் உட்கார்ந்து பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான பனி எது?

முடிவில் ஊரே கூடிவந்து கதாநாயகனின் மேசையில் காசைக் கொட்டும் அல்லவா, அதற்காக ஒரு பெரிய கூடையை வையுங்கள். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பாக்கெட் அரிசி, பருப்பு, டின் மீன் என்று போடட்டும். மறுநாள் அருகிலுள்ள முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

மற்றபடி வேலை இதுதான். இரட்டைக் கட்டில் வெள்ளை விரிப்பை இஸ்திரி போட்டுக் கொடியில் கிளிப் மாட்டி, கீழ் விளிம்பில் கனமான கம்பு கட்டுங்கள், காற்றில் ஆடாது. ஏழரைக்கு முன் தொடங்காதீர்கள், வெளிச்சத்தில் முகமே தெரியாது. ஸ்பீக்கரை ஒயரிலேயே இணையுங்கள், புளூடூத்தில் வாய் ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம் என்று போகலாம். உங்கள் ஊரில் மாலை இடிமழை சொல்லாமல் வரும். வானம் கறுத்தால் யோசிக்காமல் ஒயரைக் கழற்றி எல்லாரையும் உள்ளே கூட்டிவிடுங்கள். நண்பர்களுக்கு வீட்டளவில் போடுவதில் தவறில்லை, டிக்கெட் போட்டு மண்டபத்தில் காட்டுவதானால் உரிமம் வாங்க வேண்டும்.

கேள்வி: வீட்டில் நண்டும் சிண்டுமாக ஐந்து வயதுக்குக் கீழே ஏழு பிள்ளைகள், பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. எந்தக் கிறிஸ்துமஸ் படம் போடுவது?
ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: 1982இல் வந்த தி ஸ்னோமேன். 26 நிமிடம்தான். பேச்சே கிடையாது, நடுவில் ஒரு பாட்டு, மற்றதெல்லாம் இசை. பாட்டியும் மூன்று வயதுப் பேத்தியும் ஒரே மாதிரி புரிந்துகொண்டு பார்க்கலாம். கடைசியில் பனிமனிதன் உருகிப் போய்விடுவான், சின்னதுகள் விசும்பும், அதனால் முன்னாலேயே சொல்லி வையுங்கள். படம் முடிகிற நேரத்துக்கு ஃப்ரீசரில் குல்ஃபி தயாராக இருக்கட்டும். ஏழு பிள்ளைகளுக்குப் பத்து செய்யுங்கள், பாட்டியும் கேட்பார்.