அந்த ஃபிரிட்ஜ் இன்று ஓடுகிறதா?

அன்புள்ள ஐயா,

கூலிமிலிருந்து எழுதுகிறேன். அப்பா பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறார். நான் இயற்பியலில் முனைவர் பட்டம் முடித்துவிட்டேன். மெல்லிய படலங்களின் மின்தடையை 4 கெல்வின் வரை அளந்த அனுபவம் உண்டு. ஜெர்மனியில் ஒரு பேராசிரியர் இரண்டு வருட போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சி வேலை) தருகிறார். புது டைல்யூஷன் ஃபிரிட்ஜ் (ஹீலியம்-3, ஹீலியம்-4 கலவையைச் சுழற்றி 4 கெல்வினுக்கும் வெகு கீழே குளிரவைக்கும் கருவி) வாங்கியிருக்கிறாராம், “நீங்கள் வரும்போது தயாராகிவிடும்” என்றார். இங்கே ஹைடெக் பார்க்கில் ஒரு சிப் ஆலையிலும் வேலை கிடைக்கும்போல் இருக்கிறது. அம்மா “இன்னும் எத்தனை வருசம்தான் படிப்பே?” என்கிறார். எதற்குப் போகட்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அம்மாவிடம், போஸ்ட்டாக் படிப்பல்ல, சம்பள வேலை என்று சொல்லுங்கள். ஜெர்மன் பல்கலைக்கழக ஒப்பந்தம் என்றால் பெரும்பாலும் அரசு ஊதிய அட்டவணையில் டிவி-எல் இ13 நிலை. 100 சதவீதம், அதாவது முழுநேரம், என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து, மலேசிய வெள்ளியில் பெருக்கிக் காட்டினால் போதும்.

என்னை உறுத்துவது அந்தத் “தயாராகிவிடும்”. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச காலமாகவே நினைத்திருந்தேன். முனைவர் பட்டம் வாங்கியவர், இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறீர்களே! உங்கள் அப்பா வேறு தோட்டத்துக்கு மாறினால் மரம் எவ்வளவு உயரம், குலைக்கு என்ன கூலி என்று விசாரிக்காமல் போவாரா? தோட்டத்துத் துரைக்கும் கிராணிக்கும் முன்னால் கைகட்டி நின்ற பழக்கம் நம் பிள்ளைகளிடம் பேராசிரியர் அறை வரைக்கும் வந்துவிடுகிறது. வருத்தமாக இருக்கிறது. கோபமும் வருகிறது.

கணக்குப் போடுங்கள். அடுத்த வேலைக்கான விளம்பரங்களில் பல செப்டம்பர் முதல் டிசம்பருக்குள் வரும், சேர்வது மறு வருடம். நீங்கள் அக்டோபரில் சேர்ந்தால், அடுத்த அக்டோபரில், அதாவது பன்னிரண்டாம் மாதத்திலேயே, விண்ணப்பம் போக வேண்டும். அதற்குள் ஒரு கட்டுரையாவது ஆர்க்கைவ் என்ற இணையக் களஞ்சியத்தில் ஏறியிருக்க வேண்டும். அலசவும் எழுதவும் உடன் ஆசிரியர்கள் இழுத்தடிக்கவும் மூன்று நான்கு மாதம் போய்விடும். ஆக, எட்டாம் மாதத்தில் தரவு உங்கள் கையில் இருந்தாக வேண்டும்.

இப்போது அந்த ஃபிரிட்ஜுக்கு வருவோம். பெட்டியில் வந்து இறங்கியதும் அது குளிராது. முதல்கட்டக் குளிரைத் தரும் பல்ஸ் டியூப்பின் கம்ப்ரெசருக்கு மும்முனை மின்சாரம் வேண்டும், பத்து கிலோவாட் அளவுக்கு வெப்பத்தை அள்ளிப்போகக் குளிர்நீர்க் குழாய் வேண்டும். கட்டடப் பிரிவு அந்தக் குழாயைப் போடாமல் மாதக்கணக்கில் இழுத்தடிப்பது சாதாரணம். அதன் பிறகுதான் முதல் குளிர்விப்பு. காந்தம் இல்லாமலே ஒரு நாள் ஆகும், பெரிய மீக்கடத்துக் காந்தம் இருந்தால் இரண்டு மூன்று நாள். சூடாக்கித் திறக்கவும் கிட்டத்தட்ட அவ்வளவே. உள்ளே ஒரு கம்பி அறுந்தால் ஒரு வாரம் போச்சு.

கசிவு இன்னும் கொடுமை. அறை வெப்பநிலையில் லீக் டிடெக்டர் சுத்தம் என்று காட்டும். 2.17 கெல்வினுக்குக் கீழே ஹீலியம்-4 உராய்வின்றி ஓடும் மீப்பாய்மமாகி (ஹீலியம்-3 கலந்திருந்தால் இன்னும் கீழே) எந்த ஓட்டையிலும் நுழைந்துவிடும். குளிரில் மட்டுமே தலைகாட்டும் கசிவைத் தேட ஒவ்வொரு முறையும் முழுதாகக் குளிர்வித்துச் சூடாக்க வேண்டும். கலவையில் காற்று கலந்தால் அது உறைந்து குறுகிய குழாயை அடைக்கும், பின்னழுத்தம் ஏறும், சுழற்சி நிற்கும். காற்றைப் பிடித்துவைக்கும் திரவ நைட்ரஜன் பொறியைச் சுத்தம் செய்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

எல்லாம் சரியாகி வெப்பமானி 10 மில்லிகெல்வின் காட்டும், பேராசிரியர் கேக் வெட்டுவார். நீங்கள் அளக்கும் மாதிரிப் படலத்தில் உள்ள எலக்ட்ரான்களோ 100 மில்லிகெல்வினில் இருக்கும். அந்த வெப்பநிலையில் எலக்ட்ரானுக்கும் படிக அதிர்வுக்கும் தொடர்பு மிக மெலிது. அறையிலிருந்து கம்பி வழியாக இறங்கும் ரேடியோ அலை இரைச்சல் எலக்ட்ரான்களைச் சுடவைத்துக்கொண்டே இருக்கும். வடிகட்டிகள் கட்டி, தரை இணைப்பில் வரும் 50 ஹெர்ட்ஸ் முனகலைத் துரத்தி முடிக்க இன்னும் சில மாதம். இவ்வளவும் வேலைதான், நல்ல வேலை. ஆனால் இதற்குக் கட்டுரை கிடையாது. பலன் உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கு.

எனவே இந்த வாரமே அவருக்கு எழுதுங்கள். ஃபிரிட்ஜ் வந்துவிட்டதா, குளிர்நீர் இணைப்பு இருக்கிறதா? கடைசியாக என்றைக்குக் குளிர்வித்தார்கள், எலக்ட்ரான் வெப்பநிலை எவ்வளவு? மாதிரிகளை யார் வளர்க்கிறார்கள், எத்தனை பேர் முறை வைத்து அளக்கிறார்கள்? ஒப்பந்தம் முழுசாக இரண்டு வருடமா, ஒன்றும் ஒன்றுமா? ஃபிரிட்ஜ் தாமதமானால் முதல் ஆறு மாதம் 4 கெல்வினில் அளக்க மாற்று ஆய்வு ஒன்று உண்டா? உங்களுக்கு அதில் ஏற்கனவே கை பழகியிருக்கிறது, அதையும் சொல்லுங்கள். இதே கேள்விகளை அங்கே இருக்கும் ஆராய்ச்சி மாணவரிடம் தனியாகக் கேளுங்கள். பேராசிரியர்கள் பொய் சொல்வதில்லை, அவர்கள் ஆய்வகத்துக்குப் போய் நாளாகியிருக்கும்.

சிப் ஆலையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மாணவரும் பேராசிரியரும் ஒரே தேதியைச் சொன்னால் ஜெர்மனிக்குப் போங்கள். மழுப்பினால் ஹைடெக் பார்க். அங்கேயும் வெற்றிட பம்ப்பும் லீக் டிடெக்டரும்தான், ஆனால் இயந்திரம் நின்றால் நின்ற ஒவ்வொரு மணியையும் கணக்குப் பார்ப்பார்கள்.